காணாமல் போன 320 குதிரைத்திறன்

ஜெர்மனியின் லோயர் சாக்ஸனி மாநிலத்தில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குச் சொந்தமான ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில் 8.8 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்சாலை இருக்கிறது. 1998 மார்ச் 31 அன்று அதில் ஆண்டி வாலஸ் என்ற பிரிட்டிஷ் ஓட்டுநர் மெக்லாரன் எஃப்1 காரை ஓட்டினார். இரு திசைகளிலும் ஓட்டி எடுத்த சராசரி மணிக்கு 386.4 கி.மீ. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்ட் 2 அன்று, அதே வாலஸ் அதே சாலையில் நீளவால் வைத்த புகாட்டி சிரோனை ஓட்டி 490.484 கி.மீ. தொட்டார்.

இப்படி ஒரு ஜோடி அபூர்வமாகத்தான் கிடைக்கும். உச்ச வேகங்களை ஒப்பிடப் போனால் சாலை வேறு, கடல்மட்ட உயரம் வேறு, ஓட்டுநர் வேறு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நிற்கும். இங்கே சாலையும் ஒன்று, ஓட்டிய கையும் ஒன்று. மாறியது கார். அளந்த முறையும் மாறியது, அதைப் பிறகு பார்ப்போம்.

மெக்லாரனில் இருந்தது 627 குதிரைத்திறன். புகாட்டியில் 1,600. வேகம் கூடியது 27 சதவீதம்தான், ஆனால் அதற்குச் செலவான சக்தி இரண்டரை மடங்கு. இது அநியாயம் என்று தோன்றினால், அநியாயத்தில் பெரும்பகுதி காற்றின் வழக்கமான வட்டிதான். ஆனால் அந்த வட்டியைப் போட்டுக் கணக்குப் பார்த்தாலும் வருவது ஏறத்தாழ 1,280 குதிரைத்திறன். அதாவது மெக்லாரனை அப்படியே வைத்துக்கொண்டு, வெளிவடிவத்தில் எதையும் மாற்றாமல், எஞ்சினை மட்டும் 1,280-க்கு உயர்த்தியிருந்தால் காகிதத்தில் அது 490-ஐத் தொட்டிருக்கும். புகாட்டி எடுத்துக்கொண்டது 1,600. நடுவில் இருந்த 320 எங்கே போனது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

வேகத்தின் மும்மடிக் கணக்கு

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும் என்பது பலருக்கும் தெரியும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஆனால் எஞ்சின் கொடுப்பது சக்தி. சக்தி என்பது விசையை வேகத்தால் பெருக்கியது. எனவே ஏற்கெனவே இரண்டடுக்கில் கூடிய தடையோடு இன்னொரு அடுக்கு சேர்ந்து, தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாகக் கூடுகிறது. 386-ஐ 490 ஆக்க வேகத்தை 1.27 மடங்கு ஆக்க வேண்டும். 1.27-ஐ மூன்று முறை பெருக்கினால் இரண்டைக் கொஞ்சம் தாண்டும். 627-ஐ அதால் பெருக்கினால் மேலே சொன்ன 1,280.

சூத்திரத்தைவிட விசையைக் கிலோவில் பார்த்தால் நன்றாக உறைக்கும். அந்தப் புகாட்டி 100 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை சுமார் 32 கிலோ எடைக்குச் சமம். அதைச் சமாளிக்க 12 குதிரைத்திறன் போதும், ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் எஞ்சினே தாங்கும். 490-ல் அதே கார்மீது விழும் தடை 770 கிலோ. சமாளிக்க வேண்டிய சக்தி 1,400 குதிரைத்திறன். கடைசிப் பத்து கிலோமீட்டரை, அதாவது 480-லிருந்து 490-க்கு ஏறுவதை, மட்டும் தனியாகப் பார்த்தால் அதற்கே 90 குதிரைத்திறன் கூடுதலாக வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். உச்ச வேகம் என்பது மோதி நிற்கும் சுவர் இல்லை. நெருங்க நெருங்க முடுக்கம் வற்றிக்கொண்டே போகும். வாலஸ் வளைவிலிருந்து 200 கி.மீ. வேகத்தில் வெளியே வந்து, மிதியை முழுக்க அழுத்தி, 490-ஐத் தொட ஏறத்தாழ 70 வினாடி ஆயிற்று. 450-ஐ எட்டும்போதே முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியிருக்கும். 480-க்கு மேல் அது இன்னும் நான்கில் ஒன்றாகக் குறையும். 8.8 கி.மீ. நேர்சாலை ஆடம்பரமில்லை. அந்த நீளம் இல்லாமல் இந்த எண்ணே இல்லை.

கணக்கு நம்பத் தகுந்ததா?

புகாட்டிக்குள் நுழைவதற்கு முன், என் எளிய கணக்கு தெரிந்த கார்களில் சரியாக வருகிறதா என்று பார்த்தேன். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று எடுத்துக்கொண்டேன். டயர் உருளும் தடைக்கு காரின் எடையில் நூற்றுக்கு இரண்டு. கியர்பாக்ஸும் அச்சுகளும் தின்பது பின்சக்கர இயக்கத்தில் 5 சதவீதம், நான்கு சக்கர இயக்கத்தில் 7 சதவீதம்.

மெக்லாரனின் டிராக் கெழு, அதாவது அதன் வடிவம் காற்றுக்கு எவ்வளவு தடையாக நிற்கிறது என்பதைக் காட்டும் எண், 0.32. முகப்புப் பரப்பு 1.79 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 0.573. பேச வசதியாக இந்தப் பெருக்குத்தொகையைத் தடைப்பரப்பு என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்குத் தெரிவது இந்த ஒரே எண்தான். விளம்பரங்களில் கெழுவை மட்டும் தூக்கிப் பிடிப்பது எனக்கு எப்போதும் எரிச்சலான விஷயம். முகப்புப் பரப்பைச் சொல்லாமல் கெழுவை மட்டும் சொல்வது, விலையைச் சொல்லித் தராசை மறைப்பது போல.

386.4-ல் அந்தத் தடைப்பரப்பு கேட்பது 425 கிலோவாட். டயர்களுக்கு 27. மொத்தம் 452. எஞ்சின் தருவது 461, அதில் சக்கரத்துக்கு வந்து சேர்வது 438. மூன்று சதவீதம் உதைக்கிறது. ஆனால் மெக்லாரனின் கூரைமேல் முன்னோக்கித் திறந்த ஒரு காற்றுக்குழல் உண்டு. அந்த வேகத்தில் எதிர்காற்றின் அழுத்தமே வளிமண்டல அழுத்தத்தில் ஏழு சதவீதம் வரை இருக்கும். அதில் பாதி எஞ்சினுக்குள் போனாலே கணக்கு நேராகிவிடும்.

இதே காரின் கதையில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. வாடிக்கையாளருக்குப் போன மெக்லாரன் எஃப்1 நிமிடத்துக்கு 7,500 சுற்றில் எஞ்சினைக் கட்டுப்படுத்திவிடும். ஆறாவது கியரில் அது ஏறத்தாழ 372 கி.மீ. அதாவது காரை நிறுத்தியது காற்று இல்லை, எஞ்சின் வரம்பு. 1998 ஓட்டத்துக்கு எக்ஸ்பி5 என்ற முன்மாதிரிக் காரை எடுத்து, அந்த வரம்பை 8,300-க்கு உயர்த்தினார்கள். கியர் விகிதப்படி 8,300 சுற்றில் 410-ஐத் தாண்டலாம். ஆனால் ஒரு திசையில் அதிகபட்சமாக வந்தது 391. பூட்டைத் திறந்த பிறகுதான் உண்மையான எதிராளி யாரென்று தெரிந்தது.

அடுத்து புகாட்டி வேரான், 2005. 1,001 குதிரைத்திறன், 407 கி.மீ. இந்தக் காரில் ஓட்டுநர் இருக்கைக்கு இடப்பக்கம் இரண்டாவதாக ஒரு சாவித்துளை உண்டு. அந்தச் சாவியைப் போடாமல் 375-க்கு மேல் கார் போகாது. போட்டால் கார் தரையோடு தாழும், பின்சிறகு உள்ளே இறங்கும், முன்னடியில் உள்ள மடல்கள் மூடிக்கொள்ளும். சிறகு உயர்ந்திருக்கும்போது காரைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்த ஏறத்தாழ 350 கிலோ விசையில் பெரும்பகுதி போய்விடும். பதிலுக்குக் கெழு 0.355-க்கு இறங்கும். முகப்புப் பரப்பு 2.07. தடைப்பரப்பு 0.735. 407-ல் இது கேட்பது 638 கிலோவாட், டயருக்கு 45, ஆகமொத்தம் 683. எஞ்சினின் 736-ல் ஏழு சதவீதம் கழித்தால் 684. இவ்வளவு ஒட்டி வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் கணக்கை நம்பி அடுத்த படி ஏறலாம்.

பின்னோக்கிப் போட்ட கணக்கு

சிரோனுக்கு வேகமும் சக்தியும் தெரியும், தடைப்பரப்பைத் திருப்பி எடுக்க வேண்டும். 1,600 குதிரைத்திறன் என்பது 1,177 கிலோவாட். நான்கு சக்கர இயக்கத்தின் இழப்பும் டயர்களின் பங்கும் போக, காற்றோடு மல்லுக்கட்ட மிஞ்சுவது சுமார் 1,030. 490.484-ல் அந்தச் சக்தி தாங்கக்கூடிய தடைப்பரப்பு 0.68 சதுர மீட்டர். நேர்சாலை முடிந்த இடத்தில் கார் இன்னும் கொஞ்சம் முடுக்கத்தில் இருந்திருந்தால் உண்மை எண் இதைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும்.

0.573, 0.68. ஏறத்தாழ 19 சதவீதம் கூடுதல்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. மெக்லாரனின் அகலம் 1,820 மில்லிமீட்டர், உயரம் 1,140. சிரோனின் அகலம் 2,038, உயரம் 1,212. அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி இரண்டையும் ஒப்பிட்டால் சிரோன் 19 சதவீதம் பெரியது. தடைப்பரப்பு கூடியதும் அதே 19 சதவீதம். அப்படியானால் இரண்டு கார்களின் டிராக் கெழுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 0.32-ஐ ஒட்டி. இடைப்பட்ட காலத்தில் காற்றுச் சுரங்கங்களும் கணினிப் பாய்வு ஆய்வுகளும் எவ்வளவோ வளர்ந்தன. அத்தனைக்குப் பிறகும் கெழு இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இதைப் பொறியாளர்களின் தோல்வி என்று படித்தால் தவறு. கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். 1,280 குதிரைத்திறனை மெக்லாரனின் உடம்புக்குள் வைத்தால் போதும் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அது காகிதத்தில் மட்டும்தான் போதும். பெட்ரோல் எஞ்சினில் சக்கரத்துக்குப் போகும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் ஏறத்தாழ இன்னொரு கிலோவாட் வெப்பமாகக் குளிர்நீரில் இறங்கும், இன்னொன்று புகையோடு வெளியேறும். வேரானில் பெரிதும் சிறிதுமாகப் பத்து ரேடியேட்டர்கள் வைக்க நேர்ந்தது இதனால்தான். சிரோனின் நீர்ப் பம்பு நிமிடத்துக்கு 800 லிட்டரைச் சுற்றி அனுப்புகிறது. ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று அங்கே தன் வேகத்தைப் பறிகொடுத்து, வெப்பத்தை ஏந்திக்கொண்டு, தளர்ந்து வெளியே வருகிறது. அந்தத் தளர்ச்சிக்கான விலையைக் கொடுப்பது கார். அதுவும் டிராக்தான், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

பிறகு டயர். மெக்லாரனின் முன்டயர் 235 மில்லிமீட்டர் அகலம், பின்டயர் 315. சிரோனில் 285, 355. சக்தியைத் தரைக்கு இறக்க அகலம் வேண்டும், இரண்டு டன் எடையை அந்த வேகத்தில் சுமக்க அகலம் வேண்டும். சுழலும் டயர் காற்றுக்குப் பிடிக்காத பொருள். முன்பக்கம் காற்றை நசுக்கும், பின்னால் கிழிந்த சுழல்களை விட்டுச் செல்லும். டயரை மூடச் சக்கர வளைவு அகலமாக வேண்டும், அதற்கேற்ப உடல் அகலமாக வேண்டும், முகப்புப் பரப்பு கூடும். நான்கு டர்போ வைத்த 8 லிட்டர் டபிள்யூ16 எஞ்சினுக்கும் நான்கு சக்கர இயக்கத்துக்கும் இடம் வேண்டும். எடை 1,138 கிலோவிலிருந்து கிட்டத்தட்ட 2,000-க்கு ஏறும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். சேர்த்த சக்தி தன்னைச் சுமக்கவே ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

இப்போது 320-ஐப் பிரித்துப் போட்டுவிடலாம். கூடுதல் தடைப்பரப்பு தின்றது 220 குதிரைத்திறனுக்கு மேல். கூடுதல் எடையால் டயர்கள் தின்றது 30. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கூடுதலாகப் போனது 40 முதல் 50. மிச்சம் இருக்கும் சில்லறை என் தோராயங்களின் பிழை.

வாலின் மதிப்பு 120

வேரானின் தடைப்பரப்பான 0.735-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 490-ஐத் தொட வேண்டுமென்றால் 1,720 குதிரைத்திறன் வேண்டியிருக்கும். சிரோன் அதை 1,600-ல் முடித்தது. அந்த 120-ஐச் சம்பாதித்துக் கொடுத்ததில் பெரும்பங்கு பின்பக்கத்துக்கு உரியது.

காரின் முன்பக்கம் காற்றைக் கிழிப்பதால்தான் தடை வருகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் முன்பக்கத்தை ஓரளவு உருண்டையாக்கிவிட்டால் அங்கே பெரிய சேதம் இல்லை. சிக்கல் பின்னால். காற்று உடம்போடு ஒட்டி வந்து, ஓரிடத்தில் இனி ஒட்ட முடியாது என்று பிய்த்துக்கொள்ளும். பிய்ந்த இடத்துக்குப் பின்னால் ஒரு தாழ்வழுத்தக் குழி உண்டாகும். அந்தக் குழி காரைப் பின்னுக்கு உறிஞ்சிக்கொண்டே வரும். குழியின் பரப்பு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது.

சாதனைக் காரில் பின்பகுதியை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீட்டினார்கள். ஒரு சாண் அளவைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் நீளத்தில் கூரையிலிருந்து வரும் காற்று இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. பிய்ந்துபோகும் குழியின் பரப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று புகாட்டி சொன்னது. பக்கவாட்டில் படுத்திருந்த புகைக்குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி ஓரத்துக்குத் தள்ளினார்கள். அடியில் காற்றை விரித்து வெளியேற்றும் டிஃப்யூசருக்கு அதனால் இடம் கிடைத்தது. முன்சக்கர வளைவின் மேல் வரிசையாக வட்டத் துளைகள். சக்கரம் சுழன்று அந்த வளைவுக்குள் அடைத்து வைக்கும் காற்று மேலே வெளியேறாவிட்டால் காரின் மூக்கைத் தூக்கும். பார்க்க அலங்காரம் போல இருக்கும், வேலை அதுதான்.

தூக்கும் காற்று

டிராக்கைக் குறைப்பது மட்டும்தான் குறி என்றால் வேலை இதைவிடச் சுலபம். சிறகுகளை எல்லாம் கழற்றி எறியலாம். ஆனால் காரின் மேல்பக்கம் வளைந்தது, அடிப்பக்கம் தட்டை. விமான இறக்கையும் அப்படித்தான். மேலே தூக்கும் விசையும் வேகத்தின் வர்க்கத்தில்தான் கூடும். 490-ல் எதிர்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 1,100 கிலோவுக்கு மேல். காரை மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு முகப்பைவிடப் பல மடங்கு. கணக்கில் சின்னப் பிசகு இருந்தாலும் சில நூறு கிலோ தூக்குவிசை சுலபமாக வந்துவிடும்.

1999-ல் பிரான்சின் லு மான் கார்ப் பந்தயத்தில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார்களுக்கு நடந்தது இதுதான். நேர்சாலையில் மூக்கு கொஞ்சம் எழும்ப, அடியில் புகுந்த காற்று காரை அப்படியே தூக்கிப் பின்புறமாகப் புரட்டியது. மார்க் வெப்பருக்கு ஒரே வாரத்தில் இருமுறை, போட்டியின்போது பீட்டர் டம்பிரெக்குக்கு ஒருமுறை. டம்பிரெக்கின் கார் தடுப்பைத் தாண்டி மரங்களுக்கு நடுவே போய் விழுந்தது. மூன்றிலும் ஓட்டுநர்கள் பிழைத்தார்கள்.

ஏரா-லெசியனில் ஓர் இடத்தில் தார்ப்பரப்பு மாறும். அன்றாட வேகத்தில் அது ஒரு கோடு மட்டுமே. 447 கி.மீ.-ல் அதைக் கடக்கும்போது கார் எகிறுவதை வாலஸ் பின்னர் விவரித்தார். எகிறிய கணத்தில் மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முடிவு செய்வது அந்த நேரத்துத் தூக்குவிசையின் சமநிலைதான். அதனால்தான் சாதனைக் காரைத் தாழ்த்தி, முன்னும் பின்னும் விசை சமமாக இருக்கும்படி பார்த்து, அதற்காகச் சிறிது டிராக்கையும் பொறுத்துக்கொண்டார்கள்.

ரப்பரின் எல்லை

490-ல் சிரோனின் பின்டயர் நிமிடத்துக்கு 3,600 முறைக்கு மேல் சுழல்கிறது. டயரின் வெளிவிளிம்பில் இருக்கும் ரப்பர் உணரும் விசை ஈர்ப்பு விசையைப் போல 5,300 மடங்கு. சக்கரத்தின் காற்று வால்வை மூட ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், இரண்டு கிராம் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கர மையத்திலிருந்து 20 சென்டிமீட்டரில் அது இருந்தால், இந்த வேகத்தில் ஆறு கிலோ எடையாக வெளிப்பக்கம் இழுக்கும். மூடிக்கே இந்தக் கதி என்றால் டயருக்குள் இருக்கும் உலோக இழைகளை நினைத்துப் பாருங்கள். மிஷலின் இந்த ஓட்டத்துக்கென இழையடுக்கைப் பலப்படுத்திய டயர்களைக் கொடுத்தது. ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே இழைகள் ஒன்றையொன்று உரசாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பூட்டினார்கள்.

டயரும் காற்றுக் கணக்கில் ஒரு தரப்பு. காரைத் தரையோடு அழுத்தினால் நிலைப்பு கூடும், ஆனால் அந்தச் சுமை ஏற்கெனவே கதறிக்கொண்டிருக்கும் டயர்மீது இறங்கும். அழுத்தாமல் விட்டால் டயர் மூச்சுவிடும், கார் மிதக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்து மிகக் குறுகலானது.

அளந்த விதம்

1998-ல் இரு திசைச் சராசரி. 2019-ல் ஒரே திசை, ஜெர்மனியின் தொழில்நுட்பச் சோதனை நிறுவனமான டியூஃப் சரிபார்த்த எண். ஏரா-லெசியனின் தார் பல ஆண்டுகளாக ஒரே திசையில் ஓடித் தேய்ந்தது, எதிர்த்திசையில் இந்த வேகம் டயருக்கு ஆபத்து என்பது புகாட்டி சொன்ன காரணம். காரணத்தை ஏற்கிறேன். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் வேண்டும்.

எவ்வளவு பெரிய குறி என்பதற்கு நல்ல சாட்சி 2017 நவம்பர் 4. அமெரிக்காவின் நெவாடாவில் போக்குவரத்தை மூடிய பொதுச்சாலையில் சுவீடனின் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் கார் ஓடியது. ஒரு திசையில் 457.94 கி.மீ., மறுதிசையில் 436-ஐக் கொஞ்சம் தாண்டியது, சராசரி 447.19. ஒரே கார், ஒரே நாள், ஒரே ஓட்டுநர், வித்தியாசம் 21 கிலோமீட்டர். சரிவும் காற்றும் சேர்ந்து செய்த வேலை. காருக்குத் தெரிவது தரைக்கு எதிரான வேகமில்லை, காற்றுக்கு எதிரான வேகம். பின்னாலிருந்து மணிக்கு 10 கி.மீ. மென்காற்று வீசினால் 490-ல் ஓடும் கார் 480-ன் காற்றுத்தடையைத்தான் சந்திக்கிறது. அதில் மிச்சமாவது ஏறத்தாழ 60 குதிரைத்திறன். எனவே இருபத்தோரு ஆண்டு ஒப்பீட்டில் புகாட்டியின் பக்கம் சில கிலோமீட்டர் தள்ளுபடி தரத் தயாராக இருக்க வேண்டும். தள்ளுபடி போனாலும் 320 புதிர் மாறாது, கொஞ்சம் பெரிதாகத்தான் ஆகும்.

பனிக்கட்டிப் பெட்டி

அகேரா ஆர்எஸ் அன்று முறியடித்த பொதுச்சாலை வேகம் 79 ஆண்டு பழையது. 1938 ஜனவரி 28 அன்று ஃபிராங்ஃபர்ட்-டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் ருடால்ஃப் கராச்சியோலா, மெர்சிடிஸ் டபிள்யூ125 சாதனைக் காரில் 432.7 கி.மீ. ஓட்டினார். அதன் எஞ்சின் 736 குதிரைத்திறன். வேரானைவிட 265 குறைவு, வேகமோ 25 கி.மீ. அதிகம். டிராக் கெழு 0.157, சிரோனின் எண்ணில் பாதி.

சக்கரங்கள் முழுக்க உடம்புக்குள் மூடியிருந்தன. வால் நீண்டு குறுகியது. ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் மூக்கில் இருக்கிறது. ரேடியேட்டருக்குக் காற்று வேண்டுமே என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட பதில், காற்றே வேண்டாம் என்பது. குளிர்விக்கும் வேலையைப் பனிக்கட்டி நிரப்பிய ஒரு பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, மூக்கில் எஞ்சின் மூச்சுவிட இரண்டு சின்னத் துளைகளை மட்டும் விட்டார்கள். சிரோன் தன் வெப்பத்துக்காகக் கொடுக்கும் காற்றுத்தடையை அந்தக் கார் கொடுக்கவே இல்லை. பனி உருகும் முன் ஒரு கிலோமீட்டரை இரு திசையிலும் கடந்துவிட்டால் போதும் என்ற வேலைக்கு அது சரி.

அதே நாள், அதே சாலையில், ஆட்டோ யூனியன் சாதனைக் காரில் பதிலுக்கு வந்த பெர்ன்ட் ரோஸ்மேயரைப் பக்கக்காற்று அடித்துத் தள்ளியது. அவர் உயிரிழந்தார். முன்னிருந்து வரும் காற்றுக்காக மட்டுமே செதுக்கிய உடம்பு பக்கத்திலிருந்து வரும் காற்றை எப்படி வாங்கும் என்பது அப்போது யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

விற்பனைக்கு வரும் காருக்குப் பனிப்பெட்டி கட்டுப்படியாகாது. நெரிசலில் நிற்க வேண்டும், வளைவில் திரும்ப வேண்டும், சக்கரம் மூடியிருக்கக் கூடாது, ரேடியேட்டர் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும். சாதனைக் காரின் அதே நீண்ட வாலோடும் அதே 1,600 குதிரைத்திறனோடும் 2021-ல் வந்த சிரோன் சூப்பர் ஸ்போர்ட்டுக்கு மின்னணுக் கட்டுப்பாடு 440 கி.மீ.-ல் பூட்டுப் போட்டுவிடுகிறது. என் கணக்குப்படி 440-ல் காற்றும் டயரும் அச்சுகளும் சேர்ந்து கேட்பது 1,160 குதிரைத்திறனை ஒட்டித்தான். மிதியை எவ்வளவு அழுத்தினாலும், வாங்கியவருக்குச் சொந்தமான மீதி 400-க்கும் மேற்பட்ட குதிரைகள் அங்கே சும்மா நிற்கும்.